குளுவாங்கிலிருந்து பினாங்குக்கு: முதலாண்டின் ஐயங்களும் அவற்றைக் கடந்த வழியும்

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. முடிவு வெளியாகி, எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று தெரிந்த நாளில் வீட்டில் இருக்கும் மகிழ்ச்சி இரண்டொரு நாளில் அடங்கிவிடும். அதன் பிறகு பலரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கேள்வி எஞ்சுகிறது: முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்களோடு, என்னால் ஒட்டியிருக்க முடியுமா? ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி உள்ளூர் இடைநிலைப்பள்ளியிலேயே படிவம் ஆறு வரை முடித்த எனக்கு, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தபோது இந்தக் கேள்வியே பெரிதாக நின்றது. பின்னர் மூத்த மாணவியாகப் புதியவர்களை வரவேற்கும் பணியில் ஈடுபட்டபோது, பெட்டியும் தலையணையுமாக வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள் என்பதைக் கண்டேன். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

அந்த ஐயத்தை அது தோன்றும் வடிவத்திலேயே முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். விளக்கணைத்த அறையில் படுத்திருக்கும்போது, "இங்கே எனக்கு இடமில்லை, வீட்டுக்கே போய்விடலாம்" என்று ஒரே எண்ணமாக வருவது, உண்மையில் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்பதுதான். எனக்கு அது மூன்றாகப் பிரிந்தது: பாடத்தைத் தொடர்ந்து புரிந்துகொள்ள முடியுமா என்ற அச்சம், மனம்விட்டுப் பழக யாராவது கிடைப்பார்களா என்ற தயக்கம், முதுகுவலியோடு வேலைக்குப் போகும் அப்பாவை விட்டு வந்துவிட்டோமே என்ற கவலை. இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனித்தனிப் பக்கங்களில் எழுதத் தொடங்கிய பிறகு, பல இரவுகளில் என் அழுகைக்குக் காரணமாக இருந்தது மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வக அறிக்கையின் ஒரு கணக்கு மட்டுமே என்பது தெரியவந்தது. கணக்கின் தெளிவு டியூட்டோரியல் வகுப்பில் கிடைக்கும். அப்பாவைப் பற்றிய கவலை தொலைபேசியில் பேசினால் தணியும். மூன்றையும் ஒன்றாக வைத்திருக்கும் வரை ஊருக்குத் திரும்புவது ஒன்றே தீர்வாகத் தெரியும்.

மனிதர்களைப் பற்றிய தயக்கமே மூன்றிலும் நீண்ட காலம் இருந்தது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படிவம் ஆறு முடித்து வருபவர்கள் ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்தவர்களில் பலர் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில் சேர்ந்து வாழ்ந்துவிட்டுக் கூட்டமாகவே பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். அறிமுக வாரத்திலேயே அவர்கள் ஒருவரையொருவர் செல்லப் பெயர் சொல்லி அழைத்து, ஒரே மேசையில் அமர்ந்து பசியாறுவதைப் பார்க்கும், படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதி வந்த மாணவருக்கு, எல்லாருக்கும் வந்த அன்றே நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், நமக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று தோன்றும். அந்த நட்பு வேறோர் இடத்தில் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. நம் நட்புகளுக்கும் அதே அளவு காலம் கொடுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அதைவிட ஆழமாகத் தைத்தது நம்மவர்களிடையே இருந்த இடைவெளி. கோலாலம்பூரிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் வந்த இந்திய மாணவர்கள் சிலர் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள். நான் தமிழில் கேட்டால் புன்னகையோடு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். தோட்டப்புறத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வந்தவர்களைக் குறைவாக எண்ணுகிறார்கள் போலும் என்று எங்களில் பலர் ஒதுங்கினோம். நெருங்கிப் பழகிய பிறகுதான், அவர்களில் பலர் தமிழ்ப்பள்ளிக்கே போகாதவர்கள் என்பதும், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாததால் எங்கள் முன்னால் பேசக் கூசினார்கள் என்பதும் புரிந்தது. இரு பக்கமும் கூச்சம் இருந்தது, இரு பக்கமும் அதைச் செருக்கு என்று படித்துக்கொண்டது. இந்த நாட்டில் தமிழ் மாணவர்களிடையே இது மீண்டும் மீண்டும் நடக்கிறது என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: நீங்கள் தயங்காமல் தமிழிலேயே பேசுங்கள், அவர்களுடைய தமிழை மட்டும் சோதிக்காதீர்கள், உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். சில வாரங்களில் அவர்களே தமிழில் கேட்கத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

நட்பு எப்படி உண்டாகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதைப் பின்னர் படித்தேன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஒருவர் சாதாரண நண்பர் ஆவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கும் மேலாகவும் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று கணித்தார். இதைப் படித்தபோது என் முதல் பருவத்தை எண்ணிப் பார்த்தேன். ஆய்வுக்கூட வகுப்பு வாரத்துக்கு 3 மணி நேரம், பருவத்துக்கு 14 வாரம் என்றால் மொத்தம் 42 மணி நேரம். பருவம் முடியும் தறுவாயில்தான் என் ஆய்வுக்கூட இணை என்னோடு தன் வீட்டுக் கதைகளைப் பேசத் தொடங்கினாள் என்பது தற்செயல் இல்லை என்று பட்டது. பினாங்கின் ஆயர் ஹீத்தாமைச் சேர்ந்த சீனப் பெண் அவள். முதல் வாரங்களில் எங்களுக்குள் பியூரெட்டின் அளவைப் படிப்பதும், நிறம் மாறிவிட்டதா என்று கேட்பதும் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை. ஆயினும் ஒவ்வொரு வாரமும் அதே மேசை, அதே மனிதர், சேர்ந்து முடிக்க வேண்டிய ஒரு வேலை என்று இருந்ததால், யாரும் முயலாமலேயே பழக்கம் வளர்ந்தது.

ஆகவே, நன்றாகப் பேசத் தெரியவில்லையே, கலகலப்பானவராக இல்லையே என்று வருந்தும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான்: வரவேற்பு விருந்துகளை நம்பாதீர்கள், அங்கே ஒரே மாலையில் நூறு பேரைச் சந்தித்து ஒருவரையும் அறிந்துகொள்ளாமல் திரும்புவீர்கள். மாறாக, வாரந்தோறும் நடக்கும் ஏதாவது ஒன்றில் சேர்ந்து, அதில் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் தரப்படும் புறப்பாடங்கள் இதற்கு மிகவும் உதவும். பாடத்தோடு சேர்ந்தே வருவதால் சோர்வு வந்தாலும் பாதியில் விட்டுவிட மாட்டோம். இந்திய மாணவர் நிகழ்ச்சிகளில் மேடை ஏற விருப்பமில்லாதவர்கள் கணக்கு எழுதலாம், நாற்காலி எண்ணலாம், சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கலாம். பொங்கல் விழாவுக்கு வரவு செலவு எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். கையில் ஒரு வேலை இருக்கும்போது, யாரோடு போய் நிற்பது, என்ன பேசுவது என்ற திண்டாட்டமே எழுவதில்லை. ரசீதைக் கேட்கப் போனால் பேச்சு தானாகத் தொடங்கும்.

விடுதி அறையைப் பற்றி ஒரு சொல். என் அறைத்தோழி கிளந்தானைச் சேர்ந்த மலாய்ப் பெண். விடியலுக்கு முன் தொழுகைக்காக அவள் எழுவாள். நான் பின்னிரவு வரை படிப்பேன். இதைப் பற்றி முதல் வாரத்திலேயே அமர்ந்து பேசி, அவளுடைய அலாரம், என் மேசை விளக்கு, அறையில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிட வேண்டாம் என்பதையெல்லாம் முடிவு செய்துகொண்டோம். மனத்தாங்கல் வந்த பிறகு பேசுவதைவிட, எதுவும் நடக்கும் முன்பே பேசுவது எளிது. அவளுடைய ஊருக்குப் போக கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலையேறி இறங்க வேண்டும். அவளுக்கும் வீட்டு நினைவு வந்தது, அவளுக்கும் ஆங்கிலம் வரவில்லை. அவள் அழுவதைப் பார்த்த இரவில்தான், நான் மட்டும் தனியாக இல்லை என்பது உறுதியாயிற்று.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த மூத்த அக்கா ஒருவர், "எனக்கும் முதல் செமஸ்டர் முழுக்க இப்படித்தான்மா இருந்துச்சு, ரெண்டாவது செமஸ்டர்ல எப்ப மாறுச்சுனு எனக்கே தெரியல" என்று உணவகத்தில் வைத்துச் சொன்னது, எந்த அறிவுரையையும்விட எனக்குத் துணையாக இருந்தது. இதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரிகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். இங்கே எனக்கு இடமுண்டா என்ற ஐயம் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும், காலப்போக்கில் அது குறையும் என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணி நேரம் அளவே நடந்த அந்தப் பயிற்சி, கறுப்பின மாணவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுகளில் மதிப்பெண்களை உயர்த்தி, வெள்ளை இன மாணவர்களோடு இருந்த இடைவெளியைப் பாதியளவு குறைத்தது. நம் நிலைமை அதே நிலைமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வகுப்பில் தன்னைப் போன்றவர்கள் சிலரே இருக்கும்போது, ஒரு குறைந்த மதிப்பெண்ணைக்கூட "நான் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை" என்பதன் அடையாளமாகப் படிப்பது நமக்கும் நேர்கிறது. அதனால்தான் மூத்தவர்கள் வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லாமல், தங்கள் முதல் பருவத்தையும் உள்ளபடி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாடத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களோடும் ஆங்கில விரிவுரைகளோடும் நிற்கும் மாணவர் மூன்றாவது முறையாக அதே வேதியியலைக் கற்கிறார். இந்தச் சுமை அறிவுக் குறைவு ஆகாது என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். விரிவுரைக்கு முந்தைய இரவில் அடுத்த நாள் பாடத்தின் கலைச்சொற்களை மட்டும் எடுத்து, பக்கத்தில் மலாய்ச் சொல்லை எழுதிக்கொண்டு போனதால், விரிவுரையாளர் பேசும்போது சொல்லுக்கும் கருத்துக்கும் ஒரே நேரத்தில் போராட வேண்டிய நிலை எனக்குக் குறைந்தது. ஹம்சா செண்டுட் நூலகத்தில் ஒரே பொருளைப் பற்றிய மலாய் நூலையும் ஆங்கில நூலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தேன். விரிவுரை முடிந்ததும் கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்கத் துணிவு வராதவர்கள், விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்தில் எழுதிய கேள்வியோடு போகலாம். எழுதிக் கொண்டுபோன கேள்விக்கு நான் சந்தித்த விரிவுரையாளர்கள் எவரும் முகம் சுளித்ததில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பணம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே கணக்கில் வந்துவிடாது. ஒப்பந்தம் முடிந்து பணம் வந்து சேரும் வரை உணவுக்கும் நூலுக்கும் கையில் காசு இருக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு முன்பணம் பெறும் வசதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பது பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடனுக்கான சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பதையும், இளங்கலையில் முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது. கையில் காசு இல்லாததால் நண்பர்கள் வெளியே சாப்பிட அழைக்கும்போது மறுத்து மறுத்து, அதனாலேயே தனித்துப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "காசு இன்னும் வரலை, விடுதி உணவகத்துலயே சாப்பிடலாமா" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மேசையில் இருக்கும் மற்றவர்களில் பாதிப் பேருக்கு அதே நிலைதான்.

ஊரை அறிவதும் ஒட்டிக்கொள்வதில் ஒரு பகுதி. மலேசியாவின் இரண்டாவது பல்கலைக்கழகமாக 1969-இல் தொடங்கப்பட்ட எங்கள் பல்கலைக்கழகம், முன்பு பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மிண்டன் வளாகத்தில் இருக்கிறது. பெரிய மரங்களும் மேடுபள்ளங்களுமாக அழகான இடம், ஆனால் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தால் மூச்சு முட்டும். சனிக்கிழமை காலையில் ரேபிட் பினாங்கு பேருந்தில் கொம்தாரில் இறங்கி, ஜார்ஜ் டவுனுக்குள் இலவசமாக ஓடும் பேருந்தில் ஏறி, குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் கோயிலில் வணங்கிவிட்டு, லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுத் திரும்புவது எனக்கு வழக்கமாயிற்று. ஒரே கடைக்குப் போனேன், ஒரே மேசையில் அமர்ந்தேன். கடைக்காரர் அண்ணன் நான் கேட்கும் முன்பே தேநீரில் சீனியைக் குறைத்துப் போடத் தொடங்கிய பிறகு, இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பு வந்தது. வடக்குப் பகுதியின் மலாய் வழக்கு ஜொகூர்க்காரர்களுக்கு முதலில் காதில் ஏறாது. கூச்சப்படாமல் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

குளுவாங்குக்கும் பினாங்குக்கும் சுமார் 600 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் ஏறினால் விடியும் நேரத்தில்தான் பினாங்கின் சுங்கை நீபோங் நிலையத்தில் இறங்க முடியும் என்பதால், நினைத்த வாரமெல்லாம் வீட்டுக்கு ஓட முடியவில்லை. அருகிலுள்ள கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் வந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிவிடுவதைப் பார்த்து முதலில் ஏங்கினேன். ஆனால் விடுதியில் நட்பு வளர்வது பெரும்பாலும் வார இறுதியில்தான். துணி துவைக்கும் இடத்திலும், ஞாயிறு மாலை மாமாக் கடையிலும், திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய பாடவேலையைச் சேர்ந்து எழுதும்போதும் அது நடக்கிறது. வாய்ப்பிருந்தால், இடைப்பருவ விடுமுறை வரையிலாவது வார இறுதிகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே கழியுங்கள். வீட்டில் உண்மையான தேவை இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தயங்காமல் போக வேண்டும்.

எனக்கு ஒட்டுதல் வந்த நாள் எது என்று கேட்டால், தைப்பூசத்தைச் சொல்வேன். பினாங்கின் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். அவற்றில் ஒன்றில் நாங்கள் சில மாணவர்கள் பானகம் ஊற்றிக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டோம். தமிழ் பேசத் தயங்கிய பெட்டாலிங் ஜெயாத் தோழிகளும், என் ஆய்வுக்கூட இணையும் வந்திருந்தார்கள். அவளுடைய தாத்தா வெள்ளி ரதத்தின் முன் ஆண்டுதோறும் நேர்ந்துகொண்டு தேங்காய் உடைப்பவர் என்பதை அன்றுதான் சொன்னாள்; பினாங்கில் சீனக் குடும்பங்கள் பல இப்படிச் செய்வதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. கால்கள் வீங்கும் அளவுக்கு நின்று, பந்தலிலேயே சாதம் வாங்கி உண்டு, தேர்வுக்குப் படிக்க வேண்டுமே என்ற பதற்றத்தோடு வளாகம் திரும்பியபோது, இங்கே இருக்க முடியுமா என்ற கேள்வி அன்று ஒருமுறைகூட மனத்தில் எழவில்லை என்பதைக் கவனித்தேன்.

எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடாது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் குலைந்து, வகுப்புக்குப் போகவே முடியாமல், உயிர் வாழ்வதே சுமையாகத் தோன்றினால், அது காலம் ஆற்றட்டும் என்று காத்திருக்க வேண்டிய ஏக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரை அன்றே பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 உதவி எண்ணையும் அழைக்கலாம். அதேபோல், மனிதர்களோடு நன்றாகப் பழகியும், பாடத்தில் முயன்றும், துறையே தமக்கு ஒத்துவரவில்லை என்று உணர்பவர்களும் உண்டு. அவர்கள் முதற்கண் தமக்கு ஒதுக்கப்பட்ட கல்வி ஆலோசகரிடம் பேசி, துறை மாற்றத்துக்கான விதிகளையும் கெடுவையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். யாருக்கும் சொல்லாமல் வகுப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினால், பின்னால் திருத்த முடியாத சிக்கல்கள் வரும். என் வகுப்பில் ஒருவர் முறைப்படி விண்ணப்பித்துத் துறை மாறினார். அதை நாங்கள் யாரும் தோல்வியாக எண்ணவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எப்படி இருக்க, கஷ்டமா இருக்கா" என்று நாள்தோறும் கேட்டால், பிள்ளைகள் ஒன்று பொய் சொல்வார்கள், அல்லது அழுவார்கள். என் அப்பா வேறுவிதமாகக் கேட்பார்: இன்று ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தீர்கள், அந்தக் கிளந்தான் பிள்ளை ஊருக்குப் போய் வந்துவிட்டதா, பொங்கல் கணக்கு சரியாக வந்ததா என்று பெயர் சொல்லி விசாரிப்பார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் சுற்றியிருந்தவர்களை இன்னும் நன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பருவத்தின்போது, ஆய்வுக்கூடத் தோழியின் தாத்தாவுக்கு முட்டி வலி குறைந்ததா என்று கேட்கும் அளவுக்கு அவரும் அந்த உலகத்தை அறிந்திருந்தார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.